உய்வில்லாப் பாவம்

(பிளவக்கல் திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், பெரியாற்றையும் கோவிலாற்றையும் அணைகோலி நீர் நிறுத்திய இப்பிளவக்கல், பாண்டி வளநாட்டின் பழம்பெரு நிலப்பகுதியுள் அடங்கியது. ஒருபால் சுந்தர மகாலிங்கப் பெருமான் எழுந்தருளிய சதுரகிரி. மற்றொருபால் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூர். அவ்வூரிலேயே மடவார் விளாகத்து வைத்தியநாதப் பெருமான் திருக்கோயில். இங்ஙனம் சைவமும் வைணவமும் தோளோடு தோள் சேர்ந்து வளர்ந்த நாட்டில் ஒரு திருக்கோயிலுக்கு நன்னீராட்டு நிகழ்வது எல்லோருக்கும் பொதுவான மகிழ்ச்சியாகும்.

இத்தகைய மங்கல நாளில் பாவத்தைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். வேள்விச் சாலையில் நிகழ்வதை உற்றுநோக்கினோர் அங்ஙனம் ஐயுறார். பூரணாகுதிக்கு முன்னர், செய்வினையிற் புகுந்த குறைகளுக்குக் கழுவாயாக ஆகுதி செய்யும் முறை ஆங்கு உண்டு. குறையை ஒப்புக்கொண்ட பின்னரே நிறைவு வருகிறது. கோபுரத்தைக் கண்டு கைகூப்பும் மக்களுள் பெரும்பாலோர் நெஞ்சில் ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்தே வாயிலுள் புகுகின்றனர். அப்பாரம் இறங்குமா, இறங்காதா என்பதே அவர்களுடைய கேள்வி. நம் பழந்தமிழ் நூல்கள் அதற்கு விடை கூறியுள்ளன. அவ்விடை பலர் நினைப்பது போன்றது அன்று.

முதலில் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வோம். பிராயச்சித்தம் என வடமொழியில் வழங்குவதைப் பண்டைத் தமிழர் 'கழுவாய்' என்றனர். கழுவுதற்குரிய வாய், அஃதாவது வழி, என்பது அதன் பொருள். அழுக்குப் படிந்தது, நீர் உண்டு, கழுவலாம். இச்சொல்லிலேயே ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் எல்லா அழுக்கும் கழுவப்படுமா?

புறநானூற்றின் 34ஆம் பாட்டு இக்கேள்வியை நேரே எடுத்துக்கொள்கிறது. அதனைப் பாடியவர் ஆலத்தூர் கிழார். பாடப்பெற்றவன் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். புலவர் மூன்று பெருங்கொடுமைகளை அடுக்குகின்றார். பசுவின் மடியை அறுத்தல் ஒன்று. மகளிர் கருவைச் சிதைத்தல் மற்றொன்று. அந்தணர்க்குத் தவறிழைத்தல் மூன்றாவது. மூன்றாவதில் குரவர்க்குத் தவறிழைத்தல் என்று கொள்ளும் பாடமும் உண்டு. அப்பாடம் பின்னர் நமக்கு வேண்டியிருக்கும், நினைவில் இருத்துக. கேட்கவே செவி கூசும் இம்மூன்றுக்கும் ஆராயுமிடத்துக் கழுவாய் உண்டு என்கிறார் புலவர். அடுத்த மூச்சிலேயே, நிலமே தலைகீழாகப் பெயர்ந்தாலும் ஒருவன் செய்த நன்றியைக் கொன்றவர்க்கு உய்தி இல்லை என்று அறநூல் பாடியிருப்பதைச் சொல்லுகின்றார். அவர் சுட்டும் அறநூல் திருக்குறளே என்பது அறிஞர் பலர் கருத்து. 'செய்ந்நன்றியறிதல்' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் அதே முடிவைக் கூறுகிறது. பரிமேலழகரும் அக்குறளுக்கு உரை வகுக்குமிடத்து இப்புறப்பாட்டின் பாதகங்களையே எடுத்துக்காட்டிப் பொருள் கூறினார். உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சேற்றிய பின்னர் இவ்விரண்டு நூல்களின் உறவு கற்றார் யாவர்க்கும் வெளிப்படையாயிற்று.

இங்கே ஒன்றை மறவாமற் கூறவேண்டும். ஆலத்தூர் கிழார் இம்முடிவைப் பிறர்மேல் ஏவும் அம்பாகத் தொடுத்தாரல்லர். வளவன் இட்ட உணவை உண்டு வாழ்ந்தவர் அவர். அவனை வாழ்த்தாமல் ஒரு காலையோ மாலையோ கழியுமாயின் தமக்கு ஞாயிறும் எழாது என்கின்றார். அஃதாவது, உய்வில்லாப் பாவம் தம்மிடத்தே புகுந்துவிடக்கூடாதே என்று தமக்குத் தாமே அஞ்சுகின்றார். நன்றி மறந்தாய் என்று அயலானைச் சுட்டுவதற்கே இக்குறளை மனப்பாடம் செய்து வைத்திருப்போர் இந்நுட்பத்தை நோக்குவது நலம்.

ஆயினும் ஐயம் ஒன்று எழாமற் போகாது. கருவைச் சிதைத்தவனுக்கு வழி உண்டு. உண்ட சோற்றை மறந்தவனுக்கு வழி இல்லை. இஃது என்ன நீதி? நீதிமன்றங்களில் கொலைக்குத் தண்டம் உண்டு, களவுக்குத் தண்டம் உண்டு. நன்றி மறந்தவனை எந்த நீதிபதியும் சிறைக்கு அனுப்பியதில்லை. வள்ளுவரும் ஆலத்தூர் கிழாரும் மிகைபடக் கூறினரா? புலவர்கள் புரவலரிடம் பொருள் பெற்று வாழ்ந்தமையால் நன்றியை இவ்வளவு உயர்த்தினர் என்று கூறுவாரும் உளர். வள்ளுவர் எப்புரவலனையும் பாடாதவராதலின் அவ்விளக்கம் அவர்பாற் செல்லாது.

இப்புதிரை அவிழ்க்கும் திறவுகோல் மதுரையிலே, நம் பெருமான் திருவிளையாடல்களுள் இருக்கின்றது. திருமறைக்காட்டுப் பரஞ்சோதி முனிவர் 64 திருவிளையாடல்களைப் பாடினார். அவற்றுள் 25ஆவது பழியஞ்சின படலம். 26ஆவது மாபாதகம் தீர்த்த படலம். 27ஆவது அங்கம் வெட்டின படலம். மூன்றும் குலோத்துங்க பாண்டியன் காலத்து நிகழ்ந்தனவாக ஒன்றையொன்று தொடர்ந்து நிற்கின்றன. தனித்தனிக் கதைகளாகவே இவற்றைக் கேட்டுப் பழகிவிட்டோம். ஒருசேர வைத்து நோக்கினால், குற்றமற்றவன் ஒருவன், கொடும்பாவி ஒருவன், நன்றி கொன்றவன் ஒருவன் ஆகிய மூவரும் ஒரே இறைவன் முன்னிலையில் நிறுத்தப்படுதல் தெரியவரும்.

பழியஞ்சின கதையைப் பாருங்கள். திருப்பத்தூரிலிருந்து அந்தணன் ஒருவன் மனைவியோடும் குழந்தையோடும் மதுரைக்கு நடந்து வருகின்றான். வழியில் மனைவிக்கு நீர்வேட்கை. அவளை ஓர் ஆலமரத்து நிழலில் இருத்திவிட்டு நீர் தேடிச் சென்றான். என்றோ ஒரு நாள் எவனோ எய்த அம்பு அம்மரத்துக் கிளையிற் சிக்கிக் கிடந்தது. காற்று அசைத்தது, அம்பு வீழ்ந்தது, அவள் வயிற்றிற் பாய்ந்தது, உயிர் பிரிந்தது. அதே மரத்தின் மறுபக்கத்து நிழலில் ஒரு வேடன், கையில் வில்லும் அம்புமாக, இளைப்பாறிக்கொண்டிருந்தான். நீரோடு மீண்ட கணவன் கண்டது என்ன? மனைவியின் உடலில் அம்பு; அருகில் வில்லோடு வேடன். இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? வேடனைப் பற்றி இழுத்துக்கொண்டு பாண்டியன் வாயிலை அடைந்தான்.

வேடன் தான் செய்யவில்லை என்றான். அரசன் ஏவலர் அவனைத் துன்புறுத்தினர். அப்போதும் அதனையே சொன்னான். வேறொரு மன்னனாயின் ஒரு சொல்லில் தீர்ப்பு முடிந்திருக்கும். மனைவியை இழந்தவன் அந்தணன், குற்றம் சாட்டப்பட்டவன் காட்டில் உயிர்களைக் கொன்று திரிபவன், அம்பு சான்று. அவனுக்காகப் பரிந்து பேச அவையில் ஒருவரும் இல்லை. பாண்டியனோ அவன் முகத்தை நோக்கினான். கொலை செய்தவன் முகக்குறி அவனிடம் இல்லை என்று ஐயுற்றான். அந்தணனுக்கு மனைவியின் ஈமக்கடன் செய்ய உதவிவிட்டு, வேடனைக் காவலில் வைத்து, ஆலவாய் அண்ணல் திருமுன் சென்று நின்றான்.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தை நினையாதிருக்க முடியுமா? அதே மதுரை, அதே பாண்டியர் அரியணை. பொற்கொல்லன் ஒருவன் வந்து கள்வன் என்றான். ஊடிய தேவியைத் தேற்றச் செல்லும் விரைவில் இருந்த நெடுஞ்செழியன், வழக்கை விசாரியாது ஏவலரை ஏவினான். கோவலன் வெட்டுண்டான். உண்மை வெளிப்பட்டபோது, கள்வன் தானே என்று கூறி அரியணையிலேயே உயிர் துறந்தான் அவ்வேந்தன். அவன் பாவம் பெரிது. அவன் நாணம் அதனினும் பெரிது. ஆதலின் இளங்கோவடிகள் அவனை இகழாது பாடினார். அதே நூல் கூறும் பொற்கைப் பாண்டியனும், கீரந்தை என்பான் மனையின் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டவன் அல்லனோ! பழிக்கு நடுங்கும் இக்குணம் பாண்டியர் குடியின் பழஞ்செல்வம். பரஞ்சோதியார் குலோத்துங்கனைப் பாடும்போது, நெடுஞ்செழியன் நில்லாத இடத்தில் நின்ற ஒரு பாண்டியனையே பாடுகின்றார் என்று கொள்வதிற் பிழையில்லை.

பின்னர் நிகழ்ந்தது அறிவீர்கள். நகர்ப்புறத்து வணிகர் தெருவில் ஒரு திருமண வீட்டுக்கு அந்தணனோடு செல்லுமாறு திருவருட்குரல் எழுந்தது. மாறுவேடத்தில் இருவரும் சென்றனர். அங்கே இயமன் தூதர் இருவர் உரையாடுவது இறையருளால் அவர்கள் செவியில் வீழ்ந்தது. நோயில்லாத இம்மணமகனின் உயிரை எவ்வாறு கொள்வது என்றான் ஒருவன். மரத்திற் சிக்கிய அம்பைக் காற்றால் வீழ்த்தி அந்தணப் பெண்ணின் உயிரைக் கொண்டது போல, புறத்தே கட்டிய ஈன்ற பசுவை மணமுழவின் ஓசையால் வெருட்டி முடிப்போம் என்றான் மற்றவன். அவ்வாறே பசு கட்டறுத்துப் பாய்ந்தது, மணப்பந்தல் பிணப்பந்தலாயிற்று. அந்தணன் தெளிந்தான். பாண்டியன் வேடனைச் சிறையினின்றும் விடுவித்துத் தன் பிழையைப் பொறுக்குமாறு வேண்டினான். முடிதாங்கிய தலை ஒரு வேடன் முன் தாழ்ந்தது.

குற்றமற்றவனை ஊரார் சேர்ந்து குற்றவாளியாக்கும் வழக்கம் பழங்கதையோடு போய்விடவில்லை. ஒரு வீட்டில் பொருள் காணாமற் போனால் முதலில் யார்மேல் ஐயம் விழுகிறது என்பதை அவரவர் நெஞ்சு அறியும். வேலைக்கு வந்தவன், வெளியூரான், வறியவன். இவர்களே மரத்தின் மறுபக்கத்தில் இருப்பவர்கள். மதுரைப் பெருமான் அன்று பாண்டியனுக்குச் சான்று காட்டினான். நமக்கு ஐயுறும் அறிவையாவது தந்திருக்கின்றான்.

அடுத்தது மாபாதகம் தீர்த்த கதை. சபைகளில் புராணம் கூறுவோர் சிலர் இதனை நாணத்தால் விட்டுவிட்டு மேலே செல்வர். அவர்கள் கூச்சம் விளங்குகிறது. ஆனால் விடுவது சரியன்று. பரஞ்சோதி முனிவர் துறவி. சொல்லத் தகாததைச் சொல்லும் விருப்பம் அவருக்கு இல்லை. சொல்லியே தீரவேண்டிய காரணம் இருந்தமையால் சொன்னார். அவந்தி நகரத்து அந்தணன் மகன் ஒருவன், பெற்ற தாயை விரும்பினான். அதனை அறிந்த தந்தையைக் கொன்றான். தாயையும் பொருளையும் கொண்டு இரவில் ஊரை விட்டு ஓடினான். காட்டில் வேடர் சூழ்ந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டனர். தனியனாக நின்ற அவனைப் பிரமகத்தி பற்றியது. நிழல் போலத் தொடர்ந்தது, அலறி ஓடினான், பல தலங்களுக்குச் சென்றான், எங்கும் நீங்கவில்லை. கடைசியில் மதுரையை அணுகினான்.

அங்கே பெருமான் வேடனாகவும் பெருமாட்டி வேடிச்சியாகவும் கோபுர வாயிலில் சூதாடிக்கொண்டிருந்தனர். கோலத்தை நோக்குங்கள். முந்தைய கதையில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டவன் வேடன். இந்தக் கதையில் அருள் செய்ய வருபவனும் வேடன். இது தற்செயலாயினும் ஆகுக. படிப்போர்க்கு இன்பமாகவே இருக்கிறது. அலறி வருபவனை நோக்கி, நீ யார், உனக்கு என்ன நேர்ந்தது என்று வினவினான் பெருமான். அவனும் நடந்ததைச் சொன்னான். பெருமான் அதற்கு வழி கூறினான். ஒருபொழுது இரந்துண்டு, நாள்தோறும் மூன்று காலம் நீராடி, ஆலவாய்த் திருக்கோயிலை நூற்றெட்டு முறை உருண்டு வலம் வந்து, பசுக்களுக்குப் புல் கொணர்ந்து ஊட்டி வருக என்றான். அம்மை வியந்து, இவ்வளவு கொடியவனுக்கும் அருளுவது ஏன் என்று கேட்டாள். வேறு எங்கும் களைகண் இல்லாமல், விழுவதற்கு நரகமும் போதாமல் நிற்பவனைக் காப்பதே காப்பு என்னும் கருத்துப்பட விடை பகர்ந்தான் பெருமான். அவனும் அவ்வாறே செய்து தூயனானான்.

இக்கதையைக் காட்டி, எதையும் செய்யலாம், பின்பு கோயிலுக்கு வந்து தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவார் உளர். பரிகாரம் என்ற பெயரால் இந்நாளில் நடக்கும் வாணிகத்தைப் பார்த்தால் அவ்வெண்ணம் எவ்வளவு பரவிவிட்டது என்பது புலனாகும். இன்ன குற்றத்துக்கு இவ்வளவு தொகை, இத்தனை விளக்கு என்று கணக்குப் பேசுகின்றனர். அவந்தி நகரத்தானுக்குப் பெருமான் விதித்ததில் காசு ஒன்றும் இல்லை. பிச்சைச் சோறு, நிலத்தில் உருளும் உடம்பு, பசுவுக்கு அறுத்துச் சுமக்கும் புல். தாயையும் தந்தையையும் அவமதித்த அதே உடம்பு புழுதியிற் கிடந்து வணங்குகிறது. கொன்ற கை புல் கொணர்ந்து ஓர் உயிருக்கு ஊட்டுகிறது. விதிக்கப்பட்டது உழைப்பே தவிர விலை அன்று.

திருத்தொண்டர் புராணத்து மனுநீதிச் சோழனும் இதனையே வேறு வகையால் உணர்த்தினான். தேர்க்காலில் ஆன்கன்று மடிந்தபோது, இதற்கு மறைநூல் விதித்த கழுவாய் உண்டு, அதனைச் செய்துவிடலாம் என்றனர் அமைச்சர். கன்றை இழந்து அலறும் பசுவின் துயரை அது தீர்க்குமோ என்று மறுத்தான் சோழன். கழுவாய் இல்லை என்பது அவன் கருத்தன்று. தன் மகனுக்கு எளிய வழியொன்றைத் தேடிக்கொள்வது கழுவாய் ஆகாது என்பதே அவன் கண்டது.

இனி மூன்றாவது கதை. அங்கம் வெட்டின படலம். அயல்நாட்டிலிருந்து வந்த முதியவன் ஒருவன் மதுரையில் வாட்பயிற்சிக் கூடம் வைத்து, இளைஞர்க்கு வாள்வித்தை கற்பித்து வாழ்ந்தான். அவனிடம் கற்றவருள் ஒருவன் சித்தன். கற்றுத் தேர்ந்ததும் தனியே ஒரு கூடம் வைத்தான். அது குற்றமன்று, மாணவன் வளர்வது ஆசிரியனுக்குப் பெருமையே. ஆனால் ஆசிரியன் மாணவர்களைத் தன்பால் இழுத்துக்கொண்டான். அவன் வருவாயைக் குறைத்தான். அவனை ஊரைவிட்டே போக்க முயன்றான். கிழவனோ பொறுத்துக்கொண்டிருந்தான். பின்னர், ஆசிரியன் வீட்டில் இல்லாத வேளையில் புகுந்து, அவன் மனைவி மாணிக்கமாலையின் கையைப் பற்றினான். அவள் அவனைத் தள்ளிக் கதவடைத்து, சொக்கநாதனை நினைந்து அழுதாள். கணவனிடம் சொல்லவில்லை. முதியவன் இளையவனோடு பொருது மாள்வானே என்ற அச்சம் அவளுக்கு இருந்திருக்கலாம்.

இப்போது மூவரையும் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். வேடன் கொலை செய்யவில்லை, எனினும் வதைபட்டான். அவந்தி நகரத்தான் செய்யத் தகாததெல்லாம் செய்தான். பிரமகத்தி அவனைத் துரத்தியது. சித்தனை எது துரத்தியது? ஒன்றும் துரத்தவில்லை. அவன் எங்கும் அலறி ஓடவில்லை. எந்தத் தலத்தையும் தேடவில்லை. தன் கூடத்தில் மாணவர் சூழ மகிழ்ந்து இருந்தான். ஆசிரியனை மறந்தவனுக்கு, மறந்தோம் என்பதும் மறந்துபோயிற்று.

உய்வில்லை என்று வள்ளுவர் கூறியதன் பொருள் இங்கே விளங்குகிறது. நன்றி கொன்றவனுக்கு இறைவன் கதவை அடைத்துவிட்டான் என்பது அதன் பொருளன்று. அவன் அக்கதவைத் தட்டப் போவதே இல்லை. கழுவாய் என்பது அழுக்கைக் கண்டவனுக்கு உரியது. கொலையைச் செய்தவன் கையில் குருதியைக் காண்கிறான், கண்டு நடுங்குகிறான், நடுக்கமே அவனை வாயில் வரை கொண்டு வருகிறது. நன்றி மறந்தவன் கையில் ஒரு கறையும் தெரிவதில்லை. தன் திறமையால் வளர்ந்தேன் என்கிறான். தன் உழைப்பால் உண்டேன் என்கிறான். அதற்கு ஆயிரம் காரணமும் சொல்லுவான். அறியாத நோய்க்கு மருந்து யார் கேட்பார்?

வரகுண பாண்டியன் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளியும். கி.பி. 862இல் அரியணை ஏறிய இரண்டாம் வரகுணனே அவன் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். வேட்டையாடி இரவில் திரும்பும்போது, வழியில் உறங்கிக்கிடந்த அந்தணன் ஒருவன் அவனது குதிரைக் காலில் மிதிபட்டு இறந்தான். அறிந்து செய்ததன்று, இருளில் நேர்ந்தது. ஆயினும் வரகுணன் அதனைத் தன் பாவமாகவே சுமந்து உருகினான். பிரமகத்தியும் விடவில்லை. இறைவன் அருளியவாறு திருவிடைமருதூரில் கீழைக் கோபுர வாயிலாகப் புகுந்து, அங்கே பிரமகத்தி காத்து நிற்க, மேலை வாயிலாக வெளிப்போந்து உய்ந்தான். அறியாமல் செய்தவன் அஞ்சினான். அறிந்து செய்த சித்தன் அஞ்சவில்லை.

சித்தனுக்கு என்ன நேர்ந்தது? சொக்கநாதப் பெருமான் அம்முதிய ஆசிரியனின் வடிவம் தாங்கி வந்து, வாட்போருக்கு அறைகூவினான். கிழவனாகத்தானே தெரிகிறான் என்று சித்தன் துணிந்து களம் புகுந்தான். நெடுநேரம் பொருத பின்னர், ஆசிரியன் மனைவியை நினைத்த நெஞ்சை, பேசிய நாவை, பற்றிய கையை, நோக்கிய கண்ணைக் காத்துக்கொள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக வெட்டினான் பெருமான். இறுதியில் தலையையும் துணித்து மறைந்தான். சூழ்ந்து நின்றவர்கள் அப்போதுதான் அவன் செய்த குற்றத்தைக் கேட்டனர். சித்தனும் அப்போதுதான் கேட்டிருக்கவேண்டும்.

இதனைச் சினத்தின் செயலென்று கொள்வது சைவ நூல்களின் கருத்தன்று. அரசன் செய்யும் ஒறுப்பும் இறைவன் அருளின்வழிப்பட்டதே என்று சிவஞான சித்தியார் கூறும். தந்தை மகனை அடிப்பதும் அன்பே. இதனை மறக்கருணை என்பர். அவந்தி நகரத்தானுக்கு அறக்கருணை, சித்தனுக்கு மறக்கருணை. தானாகக் கழுவ அறியாதவன் அழுக்கை இறைவன் வாள்கொண்டு கழுவினான் என்று சொன்னால் பொருந்தும். அப்படியாயின் குறளும் பொய்க்கவில்லை, அருளும் குறையவில்லை. அவன் தனக்குத் தானே தேடிக்கொள்ளும் உய்வுதான் இல்லை.

புறநானூற்றில் 'குரவர்க்குத் தவறிழைத்தோர்' என்னும் பாடம் ஒன்று உண்டென்று முன்னர்க் கூறப்பட்டது. அப்பாடத்தைக் கொள்ளுமிடத்து, குரவர்க்குச் செய்த தவறுக்கும் கழுவாய் உண்டு என்றாகிறது. சித்தன் செய்ததும் குரவர்க்குச் செய்த தவறுதானே, அவனுக்கு ஏன் இல்லை என்று வினவலாம். தவறு வேறு, மறதி வேறு. தவறியவன் ஆசிரியனின் காலில் வீழலாம். ஆசிரியன் என்றே நினையாதவன் யார் காலில் வீழ்வான்?

இந்த ஊர்ப்புறத்தில் இதற்கு நெடுந்தூரம் சான்று தேடவேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பழங்கோயில்களின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அறிவர். விளக்குக்கு ஆடு கொடுத்தவன், திருப்பணிக்கு நிலம் கொடுத்தவன், ஏரிக்குக் கரை கட்டியவன் ஆகியோர் கொடையைச் சொல்லி, இறுதியில் இரண்டு செய்திகள் பொறிக்கப்படும். இந்த அறத்தைக் காப்பவர் திருவடிகள் தன் தலைமேலன என்று கொடுத்தவன் கூறுவான். இதனை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் எழுதுவிப்பான். அழித்தவன் யார்? பெரும்பாலும் வாளேந்திய பகைவன் அல்லன். அந்நிலத்தின் விளைவை உண்டு, அது யார் கொடுத்தது என்பதை மறந்தவன். குத்தகையைக் கொடாமல் தலைமுறை தலைமுறையாக உழுதுண்பவன். அவனை எந்தப் பிரமகத்தியும் துரத்தவில்லை. அவன் வீட்டிலும் கார்த்திகை விளக்கு எரிகிறது. சிவன் சொத்துக் குலநாசம் என்ற பழமொழியை அவனும் பிறர்க்குச் சொல்லுகின்றான்.

நீரும் அவ்வாறே. மலையிலிருந்து இறங்கும் ஆற்றைத் தடுத்து நிறுத்தி, வயலுக்குத் திருப்பிய கைகள் எத்தனையோ. கால்வாய் வெட்டிக் கூலி பெற்றுப் போனவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இத்திருக்கோயிலின் நன்னீராட்டுக்குக் குடங்களில் நிரப்பப்பெற்ற நீருக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டு. வேள்விச் சாலையில் ஓதுவார் எல்லா உயிர்க்கும் நலம் வேண்டுங்கால் அவர்களும் அதனுள் அடங்குவர்.

வீட்டினுள் நிகழ்வதைச் சொல்லாமல் விடலாகாது. தாய் தந்தையரைக் கொல்பவர் நாட்டில் மிகச் சிலர். அவர்களுக்கே மாபாதகக் கதை. முதிய தாயைத் திண்ணையில் இருத்திவிட்டு, அவள் பெயரில் இருந்த நிலத்தைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டவர்கள் அத்துணைச் சிலர் அல்லர். அவர்களும் அமாவாசைதோறும் சதுரகிரி ஏறுகின்றனர். மலைப்பாதையில் வியர்வை வழிய ஏறி, சுந்தர மகாலிங்கத்தின் முன் நின்று, வாணிகம் பெருக வேண்டும், மகனுக்கு வேலை வேண்டும் என்று வேண்டுகின்றனர். வேண்டுவதற்கு உரிய ஒன்று அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அவந்தி நகரத்தான் அதே மலையில் ஏறியிருந்தால் அலறிக்கொண்டு ஏறியிருப்பான்.

அங்கம் வெட்டின கதையின் முடிவை மட்டும் சொல்லி நிறுத்தலாம். சித்தன் வீழ்ந்ததும், அவனை வென்ற ஆசிரியனைக் காணவேண்டும் என்று மக்கள் முதியவன் வீட்டுக்கு ஓடினர். அவன் அங்கு இல்லை. மாணிக்கமாலை மட்டும் இருந்தாள். சிறிது நேரத்தில் அவன் வந்தான். எங்கே சென்றிருந்தாய் என்று கேட்டதற்கு, சொக்கநாதனை வழிபடச் சென்றிருந்தேன் என்றான். மாணாக்கன் தனக்கு இழைத்ததும் அவனுக்குத் தெரியாது. தன் வடிவில் ஒருவன் களத்தில் நின்றதும் தெரியாது. மாணிக்கமாலை அப்போதுதான் வாய் திறந்து நடந்ததைக் கூறினாள். செய்தி பாண்டியனுக்கு எட்டியது. பழிக்கு அஞ்சி வேடன் முன் தலைதாழ்த்திய அதே குலோத்துங்கன், அம்முதியவனையும் அவன் மனைவியையும் அழைப்பித்து, யானைமேல் ஏற்றி, மதுரை வீதிகளில் வலம் வரச் செய்தான்.

திருச்சிற்றம்பலம்